தேர்வைத் தமிழில் வைத்தீர்கள், புத்தகத்தையும் தாருங்கள்

என்.சி.இ.ஆர்.டி. இயக்குநர் அவர்களுக்கும், தேசியத் தேர்வு முகமையில் கியூட் தேர்வைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். திருவாரூர் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். பிளஸ் டூ படித்துக்கொண்டே, மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் கியூட் நுழைவுத் தேர்வுக்கும் தயாராகிற பிள்ளைகளுக்குச் சாயங்காலங்களில் உளவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் மாநிலப் பாடத்திட்டத்தில், தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் நீளமான கடிதத்தின் கடைசிப் பக்கம் வரை வேலை மிகுந்தவர்கள் வர மாட்டார்கள்: என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு உளவியல் பாடநூலைத் தமிழில் வெளியிடுங்கள். உங்களால் இப்போது முடியாது என்றால், வெளியிட முடிந்தவர்களுக்கு அனுமதி கொடுங்கள்.

கியூட் இளநிலைத் தேர்வு 13 மொழிகளில் நடக்கிறது, அதில் தமிழும் ஒன்று. விண்ணப்பத்தில் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் உளவியல் வினாத்தாள் தமிழில் வரும். 50 கேள்விகள், 60 நிமிடம், சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறான விடைக்கு 1 கழிப்பு, மொத்தம் 250. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பாடத்திட்டம் என்ன என்று கேட்டால் பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. உளவியல்தான் என்கிறோம். அந்தப் புத்தகம் எந்த மொழிகளில் இருக்கிறது? ஆங்கிலத்தில் இருக்கிறது, இந்தியில் இருக்கிறது, உருதுவில் இருக்கிறது. தமிழில் இல்லை. 2007-இல் முதல் பதிப்பு வந்த புத்தகம், அப்புறம் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று ஒன்பது பாடத்தை ஏழாக்கி மறுபடியும் அச்சடித்த புத்தகம், இத்தனை வருடத்தில் தமிழுக்கு வரவே இல்லை. மற்ற மொழிகளில் நிலைமை எப்படி என்பதை அந்தந்த ஊர் ஆசிரியர்கள் சொல்லட்டும், எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கதை.

நீட் தேர்வைத் தமிழில் எழுதும் பிள்ளைக்குக்கூட இந்தக் கஷ்டம் இல்லை என்பதைக் கவனியுங்கள். இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் மாநிலப் பாடநூலாகத் தமிழில் கைக்கு வருகின்றன. குறை இருக்கலாம், பாடத்திட்டம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் படிக்க ஒரு புத்தகம் இருக்கிறது. உளவியலுக்கு அப்படி எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான பிள்ளைகள் உளவியலைப் பள்ளியில் ஒரு பாடமாகப் பார்த்ததே கிடையாது. 2025-இல் பிளஸ் டூவில் படிக்காத பாடத்தையும் கியூட்டில் எடுத்து எழுதலாம் என்று விதியை மாற்றினீர்கள். நல்ல மாற்றம், மனதாரச் சொல்கிறேன். வணிகவியல் படித்த பெண்ணும் உயிரியல் படித்த பையனும் உளவியல் எழுத வரலாம் என்றானது. வரச் சொல்லிவிட்டீர்கள், வந்தவர்கள் எதைப் படிப்பது என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

இப்போது எப்படிப் படிக்கிறார்கள் என்று சொல்கிறேன். உங்கள் இணையதளத்திலிருந்து ஆங்கிலப் புத்தகத்தை இறக்கி, ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கமும் அச்செடுத்து, ஸ்பைரல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். சில நாட்களில் அந்தத் தாளில் அச்சு எழுத்தைவிடப் பென்சில் எழுத்து அதிகமாகிவிடும், ஒவ்வொரு வரிக்கும் மேலே தமிழில் பொருள். சொல்லுக்குச் சொல் பொருள் எழுதியபின்னும் வாக்கியம் பிடிபடாமல் போனை எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்ப்பார்கள், அது தருகிற தமிழைப் புரிந்துகொள்ள மறுபடி என்னிடம் வருவார்கள். கால்வாசி நேரம்கூட உளவியலுக்குப் போவதில்லை, மீதியெல்லாம் வாக்கியத்தை உடைப்பதிலேயே கரைகிறது. இதே பிள்ளைகள் நுண்ணறிவு ஈவுக் (ஐ.க்யூ.) கணக்கை, அதுதான் மன வயதைக் கால வயதால் வகுத்து நூறால் பெருக்குவது, ஒரு தடவை சொன்னதும் போட்டுவிடுகிறார்கள். மன வயது 12, கால வயது 10 என்றால் 120 என்று நான் பலகையில் எழுதி முடிக்கும் முன்னே குரல் வரும். ஸ்டெர்ன் 1912-இல் இந்த ஈவைச் சொன்னார், அதற்கு முன்னால் 1905-இல் பினேவும் சைமனும் சோதனையை உருவாக்கினார்கள் என்பதும் உடனே மனதில் நிற்கிறது. புத்தி இல்லாத பிள்ளைகள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது பாடத்தில் ஃபிராய்டின் தற்காப்பு நடத்தைகள், அதாவது கலக்கத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள மனம் செய்கிறவை, வருகின்றனவே, அதை நடத்திய நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பக்கத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டுத் தமிழிலேயே பேசினேன். 'காரணம் கற்பித்தல்' என்பதை விளக்க எனக்கு வேலையே இருக்கவில்லை, 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்று நரியை அவர்களே கொண்டுவந்துவிட்டார்கள். தன்னிடம் உள்ள குணத்தைப் பிறர்மேல் ஏற்றிப் பார்ப்பது என்றதும் பின்னால் உட்கார்ந்திருந்த பையன், "தான் திருடி பிறரை நம்பான், அதுதானே டீச்சர்" என்றான். மறுத்தலுக்குக் கண்ணை மூடிக்கொண்ட பூனை வந்தது. எதிர்வினை உருவாக்கம்தான் இடித்தது. மனதுக்குள் இருக்கிற ஒன்றுக்கு நேர் எதிரானதை வெளியில் அளவுக்கு மீறிக் காட்டுவது என்று சொன்னேன். ஒருத்தி "உறவாடிக் கெடுக்கிறது" என்றாள். உடனே அவள் பக்கத்தில் இருந்தவள் அதை ஒத்துக்கொள்ளவில்லை: "அது தெரிஞ்சே செய்யறது. இது அவங்களுக்கே தெரியாம நடக்கணும்ல?"

அவ்வளவுதான். தற்காப்பு நடத்தை என்பது நனவிலியில், அதாவது தனக்கே தெரியாத மனப்பகுதியில் நடக்கிறது, நினைத்துச் செய்கிற தந்திரம் வேறு, தற்காப்பு வேறு என்கிற நுட்பத்தைப் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தானே கண்டுபிடித்துவிட்டாள். பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மாணவர் சொன்னால் ஆசிரியர் சந்தோஷப்படுகிற பதில் அது. அதே பெண் அந்தப் பகுதியை ஆங்கிலத்தில் படித்தபோது அந்த 'நனவிலி' என்கிற சொல்லைத் தாண்டிப் போய்விட்டாள், ஏனென்றால் அந்த வாக்கியத்தில் அவளுக்குத் தெரியாத சொற்கள் இன்னும் நான்கு இருந்தன.

மன அழுத்தத்தைப் பற்றிய பாடத்திலும் இப்படித்தான். உளவியலாளர் லாசரஸ் சொல்கிற இரண்டு மதிப்பீடுகள், ஒரு நிகழ்ச்சி எனக்கு ஆபத்தா இல்லை சவாலா என்று முதலில் எடை போடுவது, பிறகு அதைச் சமாளிக்க என் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. உங்கள் புத்தகத்தில் உள்ள உதாரணங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இது காவிரி டெல்டா. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12, அந்தத் தேதிக்குத் தண்ணீர் விடுவார்களா மாட்டார்களா என்று வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும்போதே அப்பாவின் முகத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தப் பிள்ளைகள். ஒரு விவசாயியின் மகள் எழுதிக்கொண்டு வந்தாள்: தண்ணீர் வராது என்ற செய்தி எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான், போர்வெல் உள்ள வீட்டில் அது வேறு மாதிரி இறங்குகிறது, போன வருடக் கடனே அடையாத வீட்டில் வேறு மாதிரி இறங்குகிறது. ஒரே நிகழ்ச்சி எல்லாருக்கும் ஒரே அழுத்தத்தைத் தருவதில்லை, அதை ஒருவர் எப்படி எடை போடுகிறார், சமாளிக்க என்ன வைத்திருக்கிறார் என்பதுதான் தீர்மானிக்கிறது என்று லாசரஸ் சொல்ல வந்ததும் இதுதானே?

இப்படிப் புரிந்துகொண்ட பிள்ளை தேர்வறையில் என்ன ஆகிறாள் என்று பாருங்கள். ஒரு கேள்விக்குக் கிடைப்பது 72 வினாடி. பொருத்துக வகைக் கேள்வியில் ஒரு பக்கம் நான்கு அறிஞர்கள், மறுபக்கம் நான்கு கோட்பாடுகள். ஸ்பியர்மேன், தர்ஸ்டன், கில்ஃபோர்ட், ஸ்டெர்ன்பெர்க் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் படித்த பெயரைத் தமிழ் எழுத்தில் முதல்முறையாகத் திரையில்தான் பார்க்கிறாள். யுங் என்று எழுதியிருப்பதும் தான் ஜங் என்று மனதுக்குள் படித்துவைத்த ஆளும் ஒருவர்தான் என்று அந்த நேரத்தில் எப்படித் தெரியும்? கோட்பாட்டின் பெயரும் அப்படித்தான், நான் ஒரு சொல்லைச் சொல்லித் தந்திருப்பேன், பக்கத்து ஊர் ஆசிரியர் வேறு சொல், வினாத்தாளைத் தமிழாக்கியவர் மூன்றாவதாக ஒன்று. யார் மீதும் தப்பில்லை. எல்லாரும் பார்த்து எழுத வேண்டிய மூலப் புத்தகம் இல்லாததால் வருகிற குழப்பம் இது. பாடம் தெரிந்த பிள்ளை, தெரிந்த விடையைக் குறிக்கப் பயந்து அடுத்த கேள்விக்குப் போகிறாள், ஒரு மதிப்பெண் கழியுமே என்று.

மொழிபெயர்ப்பில் குழப்பம் இருந்தால் ஆங்கில வினாவே இறுதியானது என்று உங்கள் கையேட்டில் இருக்கிறது. தகராறு வந்தால் ஏதாவது ஒன்றை மூலமாக வைக்கத்தான் வேண்டும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் முழுச் சுமையும் யார் தலையில் விழுகிறது? தமிழில் எழுதுகிற பிள்ளையின் தலையில். விடைக்குறிப்பை எதிர்த்து முறையிட ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பணம் திரும்ப வராது. பணத்தைக் கட்டினாலும் 'இதோ, பாடநூலில் இந்தப் பக்கத்தில் இப்படித்தான் இருக்கிறது' என்று காட்ட அவளிடம் தமிழில் ஒரு பக்கம்கூடக் கிடையாது.

கலைச்சொற்கள் தமிழில் இல்லை, அதனால்தான் தாமதம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் தயவுசெய்து நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் பி.எட். மாணவர்கள் பல பத்தாண்டுகளாகக் கல்வி உளவியலைத் தமிழில் படித்துத் தமிழில் தேர்வெழுதுகிறார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 கேள்விகளில் 30 கேள்விகள் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பற்றியவை. நுண்ணறிவு, ஆளுமை, மனப்பான்மை, மனவெழுச்சி, ஆக்கநிலையுறுத்தம், வலுவூட்டல் எல்லாம் புழங்கிப் பழகிய சொற்கள், எந்த ஊர் ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். மனநலக் கோளாறுகளைப் பற்றிய பாடத்திலும் சிகிச்சை முறைகளைப் பற்றிய பாடத்திலும்தான் சில சொற்களுக்கு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டியிருக்கும். அதற்குத் தமிழ் தெரிந்த மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள், உளவியல் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். வினாத்தாளைத் தமிழாக்க வருடா வருடம் ஆட்களைப் பிடிக்கிறீர்களே, அவர்களே பாதி வேலையை ஏற்கெனவே செய்துவிட்டார்கள்.

'பல்கலைக்கழகத்துக்குப் போனால் எப்படியும் ஆங்கிலத்தில்தானே படிக்க வேண்டும், இப்போதே பழகட்டுமே' என்று சிலர் சொல்வார்கள். எங்கள் ஊரிலேயே சொல்கிறார்கள். ஆங்கிலம் வேண்டும், எனக்கு அதில் இரண்டாம் கருத்து இல்லை, நானும் சொல்லித் தருகிறேன். ஆனால் முதலாமாண்டில் வகுப்பும் நூலகமும் நண்பர்களும் மூன்று வருட நேரமும் இருக்கும்போது ஆங்கிலத்துக்கு மாறுவது வேறு, பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு நடுவே சில மாதத்தில் ஒரு புதுப் பாடத்தையும் அதன் மொழியையும் சேர்த்து விழுங்குவது வேறு. தவிர, தேர்வைத் தமிழில் வைத்தது நீங்கள். தமிழில் எழுதலாம் என்று சொன்ன பிறகு தமிழில் படிக்க எதற்கு என்று கேட்பது நியாயமாகப் படவில்லை. இன்னொரு பக்கம், கியூட்டே வேண்டாம் என்று 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் போட்டதை நினைவூட்டுகிறவர்களும் உண்டு. அந்தத் தீர்மானத்தில் எனக்கு உடன்பாடுதான், பள்ளியில் இரண்டு வருடம் படித்துப் பெற்ற மதிப்பெண்ணை ஒரு மணிநேரத் தேர்வு ஓரங்கட்டுவது சரியில்லை. அந்த வாதம் ஓடட்டும். அது முடிகிற வரை இந்த வருடப் பிள்ளைகளும் அடுத்த வருடப் பிள்ளைகளும் காத்திருக்க மாட்டார்கள், தேர்வு எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

எல்லாப் பாடத்துக்கும் இதே வாதத்தை வைக்கலாம்தான். உளவியலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மெனக்கெட்டு எழுதுகிறேன் என்றால், இந்தப் பாடம் இங்கே தமிழில் படிக்கப்பட வேண்டிய அவசியத்தை எங்கள் ஊர்கள் கண்ணால் பார்த்திருக்கின்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் வெந்து இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் இல்லை, பெற்ற தாயும் உடன்பிறந்தவர்களும்தான். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் செய்தார்கள். இன்றைக்கும் யாராவது கொஞ்சம் மாறிப் பேசினால் 'கீழ்ப்பாக்கத்துல கொண்டு போய்ச் சேர்' என்று சொல்லிச் சிரிக்கிற ஊர் இது. 1794-இலிருந்து நோயாளிகளைப் பார்த்துவரும் சென்னை மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயர் எங்கள் பேச்சில் வசவாகிவிட்டது.

உங்கள் நான்காவது பாடம் அந்தச் சிரிப்பை நிறுத்துகிற பாடம். நான் நடத்தியபோது பார்த்திருக்கிறேன். மனச்சோர்வு என்பது சோம்பேறித்தனம் இல்லை, அதற்கு அறிகுறிகள் இருக்கின்றன, தூக்கம் கெடும், பசி கெடும், பிடித்த வேலையில்கூட நாட்டம் போய்விடும், இதெல்லாம் வாரக்கணக்கில் நீடிக்கும், சிகிச்சையும் உண்டு என்று சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். வகுப்பு முடிந்தபின் யாராவது ஒருவர் பையை எடுத்துக்கொள்ளாமல் நின்றுகொண்டிருப்பார், அம்மாவைப் பற்றியோ சித்தப்பாவைப் பற்றியோ கேட்க. நான் மருத்துவர் இல்லை என்பதைச் சொல்லி, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவையும் மனநல உதவிக்கான 14416 டெலிமானஸ் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுப்பேன். அந்தப் பாடம் தமிழில் இருந்தால் அந்தப் பிள்ளை புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அந்தப் பக்கத்தை அம்மாவிடம் படித்துக் காட்டுவாள். ஆங்கிலப் பக்கத்தை வைத்துக்கொண்டு யாரிடம் படித்துக் காட்டுவது? நாளைக்கு இதே பிள்ளைகளில் ஒருத்தி உளவியல் படித்து ஆலோசகராகி இங்கே வந்து உட்கார்ந்தால், அவளிடம் வருகிறவர்கள் தமிழில்தான் அழுவார்கள், தமிழில்தான் சொல்வார்கள்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தோடு பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து கற்றல் பற்றிய பாடத்தையாவது சேர்த்துத் தமிழாக்குங்கள். தேர்வுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும்தான் என்றாலும், சிகிச்சை முறைகள் பாடத்தில் அச்சத்தைப் படிப்படியாகக் குறைக்கும் வோல்ப்பின் முறையான உணர்வு தணிப்பும், வலுவூட்டலை வைத்து நடத்தையை மாற்றும் முறைகளும் வரும்போது, கற்றலை ஆராய்ந்த பாவ்லவையும் ஸ்கின்னரையும் முன்னே படிக்காத பிள்ளைக்கு அது அந்தரத்தில் தொங்குகிறது. 2025-இன் மாற்றத்துக்குப் பிறகு அப்படி வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம். முழுப் புத்தகம் வரத் தாமதமாகும் என்றால், தேர்வு அறிவிப்பு வரும்போதே வினாத்தாளில் நீங்கள் பயன்படுத்தப்போகும் தமிழ்க் கலைச்சொற்களையும், அறிஞர் பெயர்களைத் தமிழில் எழுதும் முறையையும் ஒரு பட்டியலாக, பக்கத்தில் ஆங்கிலச் சொல்லோடு வெளியிடுங்கள். இதற்குப் பெரிய செலவு ஆகாது. தேர்வு முகமை மட்டும் நினைத்தால் போதும், அடுத்த தேர்வுக்கு முன்பே செய்துவிடலாம்.

அனுமதி விஷயம் என்.சி.இ.ஆர்.டி.க்கு. உங்கள் புத்தகத்தின் முதல் பக்கங்களிலேயே முன் அனுமதி இல்லாமல் எந்தப் பகுதியையும் மறுபதிப்புச் செய்யக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அதை மதித்துத்தான் நாங்கள் தமிழில் எழுதிவைத்திருக்கும் பாடக் குறிப்புகளை வகுப்பைத் தாண்டி வெளியே விடாமல் இருக்கிறோம். எங்களைப் போல ஊருக்கு ஒருவர் இருவர் தனித்தனியாக இதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறோம். தமிழ்நாடு பாடநூல் கழகத்துக்கோ ஒரு பல்கலைக்கழகத்தின் உளவியல் துறைக்கோ எழுத்துமூலம் மொழிபெயர்ப்பு அனுமதி கொடுத்துவிட்டு, முடிந்த பிரதியைச் சரிபார்க்கும் பொறுப்பை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மெய்ப்புத் திருத்த, பிள்ளைகளிடம் ஒவ்வொரு பாடமாகக் கொடுத்துப் படிக்க வைத்து எந்த வாக்கியம் இடிக்கிறது என்று குறித்து அனுப்ப, நானும் எனக்குத் தெரிந்த ஆசிரியர்களும் வருகிறோம், சம்பளம் வேண்டாம். யாருக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும், எந்தப் படிவத்தில் என்பதை மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உளவியல் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்